வீட்டு கேசட்ல இருக்கற பழைய ரேடியோவ காப்பாத்தறது எப்படி - சேலத்துல இருந்து ஒருத்தன்

முதல்லயே சொல்லிடறேன், பாட்டுக்காக இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. பாட்டு எங்கயும் போகல, யூடியூப்ல கிடக்கு. பாட்டுக்கு முன்னாடி அறிவிப்பாளர் பேசறது, நேயர் விருப்பத்துல ஊர் ஊரா பேர் படிக்கறது, காலைல டெல்லி செய்தியில சரோஜ் நாராயணசுவாமி குரல், தென்கச்சி கோ. சுவாமிநாதனோட இன்று ஒரு தகவல், உழவர்களுக்கான நிகழ்ச்சி, இதெல்லாம் தான் காணாம போயிட்டு இருக்கு. சென்னை நிலையம் 1938ல, திருச்சி 1939ல ஆரம்பிச்சது, அவ்ளோ வருஷ ஒலிபரப்புல நிலையத்துலயே மிஞ்சினது கொஞ்சம் தான், டேப் விலை ஜாஸ்திங்கறதால அழிச்சு அழிச்சு மேலயே ரெகார்ட் பண்றது அப்ப உலகம் பூரா ரேடியோக்காரங்க பழக்கமா இருந்துச்சு. அப்ப மிச்சம் எங்க இருக்கு? உங்க வீட்டு பரண்ல, பழைய பிஸ்கட் டப்பாவுல.

எங்க வீடு அம்மாபேட்டை. அப்பா டேப் ரெக்கார்டர ரேடியோ முன்னாடி வச்சு, யாரும் பேசக்கூடாதுன்னு விரல வாய்ல வச்சுட்டு ரெகார்ட் பண்ணுவாரு. மீடியம் வேவ்ல திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், கோவை 999, சென்னை 720, ராத்திரியானா சிற்றலைல இலங்கை. அப்படி சேர்ந்தது நாப்பது கேசட் இருக்கும். அதுல பதினஞ்ச நான் முட்டாத்தனமா ஒரு கடைல குடுத்து மாத்தித் தரச் சொன்னேன், அந்த ஆள் ரொம்ப அக்கறையா பேச்சையெல்லாம் வெட்டிட்டு பாட்ட மட்டும் எம்பி3யா குடுத்தாரு, இரைச்சல் வேற எடுத்துட்டேன் சார்னு பெருமையா சொன்னாரு. கேசட்டு? சுத்தம் பண்றப்ப தூக்கிப் போட்டுட்டாங்களாம். அதனால தான் சொல்றேன், நீங்களே பண்ணுங்க.

கேசட்ட கைல எடுத்ததும் ப்ளேயர்ல போட அவசரப்படாதீங்க. முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அத உடைச்சு விட்டுடுங்க, அப்புறம் யாரு தெரியாம ரெகார்ட் பட்டன அமுக்கினாலும் அழியாது. வெள்ளையா பூஞ்சை இருந்தா தனியா வைங்க. ஏற்காட்டுல எங்க பெரியப்பா வீட்டுல இருந்து வந்த கேசட் பூரா அப்படித்தான் இருந்துச்சு, 1500 மீட்டர் உயரத்துல மழையும் பனியும் சேர்ந்தா டேப் என்ன பண்ணும் பாவம். அத காய வைக்காம ஓட்டினா ப்ளேயர்ல டேப்ப படிக்கற ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு ரெண்டு வாரம் வைங்க, வெயில்ல மட்டும் வைக்கவே வைக்காதீங்க. உள்ள ஒரு சின்ன பஞ்சு பட்டை டேப்ப ஹெட் மேல அழுத்திட்டு இருக்கும், அது உதிர்ந்திருந்தா சத்தம் மங்கிப் போகும், உருப்படாத இன்னொரு கேசட்டோட கூட்டுக்கு சுருள மாத்திட்டா சரி.

ப்ளேயருக்கு புதுசா விக்கற யூஎஸ்பி கேசட் ப்ளேயர் வேண்டாம், வேகம் நிக்காது, குரல் ஆடும். சொந்தக்காரங்க வீட்டுல தூசி புடிச்ச நல்ல பழைய கேசட் டெக் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அத வாங்கி பெல்ட் மாத்துங்க, ஹெட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல தொடைங்க. கேசட்ட ஒரு தடவ கடைசி வரைக்கும் ஓட்டி திருப்பி சுத்திட்டு அப்புறம் ப்ளே பண்ணுங்க. குரல் கம்பளிக்குள்ள பேசற மாதிரி இருந்தா ஹெட் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கு பாருங்க, ஓட விட்டுக்கிட்டே அத மயிரிழை திருப்புங்க, ச, ஷ எல்லாம் பளிச்சுனு கேக்கற இடத்துல நிறுத்துங்க. இந்த ஒரு திருப்பு எந்த சாஃப்ட்வேர விடவும் மேல்.

லேப்டாப்ல இருக்கற ஒத்த ஓட்டை பெரும்பாலும் மைக்குக்கு தான், அதுல சொருகினா சத்தம் பிளந்துடும், டெக்ல இருந்து வர்ற சத்தத்த நேரா வாங்கற லைன் இன் ஓட்டை இருக்கற யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒண்ணு வாங்கிக்கங்க. ரெகார்ட் பண்ற சாஃப்ட்வேருக்கு ஆடாசிட்டி போதும், இலவசம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். ஸ்டீரியோவுல ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி வரும், மோனோன்னா பாதி. ரெகார்ட் லெவல் மைனஸ் 6 டெசிபல தாண்ட விடாதீங்க. இரைச்சல் எடுக்கறது, வெட்டறது எல்லாம் காப்பில பண்ணுங்க, முதல் ஃபைல தொடவே கூடாது. ஒரு காப்பி வேற ஊர்ல இருக்கட்டும், என்னோடது ஏற்காட்டுல தம்பி வீட்டுல ஒரு ஹார்ட் டிஸ்க்ல தூங்குது.

இப்ப தான் சுவாரசியமான வேலை, இது எந்த வருஷம்னு கண்டுபிடிக்கறது. அட்டைல எழுதியிருக்கற தேதிய நம்பாதீங்க, ஒரே கேசட்டுல மூணு தடவ மேல மேல ரெகார்ட் பண்ணியிருப்பாங்க. செய்தி இருந்தா சுலபம். இல்லன்னா நேயர் பேர் படிக்கறப்ப காத தீட்டி வைங்க. "சேலம் மாவட்டம் ராசிபுரம்"னோ "சேலம் மாவட்டம் திருச்செங்கோடு"ன்னோ வந்தா அது 1997க்கு முன்னாடி, ஏன்னா அந்த வருஷம் ஜனவரில தான் நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு. யாராவது ரீல் டேப் வச்சிருந்து அதுல "சேலம் மாவட்டம் தர்மபுரி"ன்னு வந்தா தலைல தூக்கி வச்சு ஆடலாம், தர்மபுரி பிரிஞ்சது 1965. இலங்கை ரேடியோக்காரங்க அவங்க நிலையத்த ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்னு சொன்னா 1967க்கு அப்புறம். ஆனா மெட்ராஸ்ங்கற பேர் சென்னைன்னு மாறின 1996 நமக்கு உதவாது, தமிழ்ல அறிவிப்பாளருங்க எப்பவுமே சென்னைன்னு தான சொன்னாங்க.

கேசட்டோட நிறுத்தாதீங்க. ஒரு காலத்துல ரேடியோவுக்கு லைசென்ஸ் வேணும்னு இருந்தத இன்னைக்கு பசங்களுக்கு சொன்னா சிரிக்கறாங்க, போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டின அந்த சின்ன புஸ்தகம், "வானொலி" பத்திரிகை, நிலையத்துல இருந்து வந்த பதில் கார்டு, எது கிடைச்சாலும் ஸ்கேன் பண்ணுங்க. பெரியவங்ககிட்ட பேட்டி எடுக்கறப்ப "ரேடியோ பத்தி சொல்லுங்க"ன்னா "நல்லா இருக்கும்பா"ன்னு முடிச்சுடுவாங்க. "ரேடியோ எந்த மூலைல இருந்துச்சு, யாரு கை வைக்கலாம்"னு கேளுங்க, ஒரு மணி நேரம் போகும்.

வெளிய போடறதுல ஒரு சிக்கல். நம்ம சட்டப்படி ஒலிபரப்பு மேல நிலையத்துக்கு இருக்கற உரிமை 25 வருஷம், ஆனா உள்ள வர்ற பாட்டோட ஒலிப்பதிவுக்கு 60 வருஷம், நாடகம், உரை எழுதினவங்களுக்கு தனி உரிமை. முழு கேசட்ட யூடியூப்ல ஏத்தினா பாட்டால அடிபடும். நான் பேச்சு வர்ற மூணு நாலு நிமிஷத்த மட்டும் எடுத்து, தேதி எப்படி கண்டுபிடிச்சேன்னு கீழ எழுதி போடறேன், முழுசு வீட்டுல பத்திரமா இருக்கு. கடிதம், கார்டு போடறப்ப கதவு எண்ண மறைச்சுடுங்க.

அதுக்கும் முன்னாடி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. எங்க கேசட் ஒண்ணுல செய்திக்குப் பின்னாடி விசைத்தறி கடகடன்னு ஓடிட்டே இருக்கும், திடீர்னு கரண்ட் போயி தறி நிக்கும், பேட்டரி ரேடியோ மட்டும் அந்த அமைதியில பேசிட்டே இருக்கும். கடைக்காரர் கைல கிடைச்சிருந்தா அந்த தறி சத்தத்த தான் முதல்ல வெட்டியிருப்பாரு. அம்மா ரெண்டு தடவ கேட்டுட்டு சொன்னாங்க, "இது நம்ம தறி இல்லடா, பக்கத்து வீட்டுது, நம்மளது வாங்கறதுக்கு முன்னாடி". அந்த ஒரு வரில ரெண்டு வருஷம் குறைஞ்சுது, ஃபைல் பேர மாத்திட்டேன்.