மரவாத்து செதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவிலும் நியூ ஜெர்சியின் பார்னெகட் வளைகுடாவிலும் வாத்து வேட்டைக்காரர்கள் மிதக்கவிடும் மரவாத்துக்கு டிகாய் என்று பெயர். மேலே பறக்கும் கூட்டம் அதை நிஜ வாத்தென்று நம்பி இறங்கிவர வேண்டும். புதிதாகச் செதுக்குபவர்கள் வண்ணத்துக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். பெரும்பாலான டிகாய்கள் தூரிகை தொடும் முன்பே கெட்டுவிடுகின்றன.

முதல் தவறு மரத்தில். ஈரம் காயாத கட்டையும், தண்டின் மையப்பகுதி உள்ளே சிக்கிய கட்டையும் காயக் காய வெடிக்கும். வெடிப்பில் எவ்வளவு மக்கு அடைத்தாலும் அடுத்த பருவத்தில் திரும்பத் திறக்கும். நன்கு காய்ந்த வெள்ளை சீடர் இலேசானது, கத்திக்கு இணங்கும். அதில் முடிச்சு இருந்தால் பிசின் கசிந்து வண்ணத்தில் கறை படியும். அந்த இடத்தில் முதலில் ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சைப் பூசிவிடுங்கள்.

தலையைத் தனிப் பலகையில் வெட்டும்போது மர ரேகை அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மெல்லிய அலகு ஒரு தட்டிலேயே ஒடிந்துவிடும். கழுத்தைப் பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள், எல்லோரும் டிகாயைத் தலையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். உடலுக்குள்ளிருந்து ஒரு மர முளையோ திருகாணியோ ஏறட்டும்.

பார்னெகட் பகுதியில் ஸ்னீக்பாக்ஸ் என்னும் சிறு படகில் நிறைய டிகாய்களை ஏற்ற வேண்டியிருந்ததால், உடலை இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டினார்கள். குடையும்போது ஆசை கூடாது. சுவர் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், பிறகு வெளிப்பக்கம் அரம் போட்டாலும் ஓட்டை விழாது. சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் இளகிவிடும். எபாக்ஸி போன்ற நீர் தாங்கும் பசைதான் வேண்டும்.

கண் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒரு பக்கம் குறித்து, மறுபக்கத்தைக் கண்ணால் அளந்து துளையிட்டால் பார்வை கோணலாகிவிடும். மெல்லிய துளையைத் தலையின் குறுக்கே நேராக ஊடுருவவிட்டு, மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்துச் சரிசெய்த பிறகே பெரிதாக்குங்கள். மல்லார்டு என்னும் வாத்தினத்துக்குப் பழுப்புக் கண்ணாடிக் கண், சுமார் 10 மில்லிமீட்டர். சிவப்புக் கண் கேன்வாஸ்பேக் என்னும் இன்னொரு இனத்தின் ஆணுக்கு உரியது.

டிகாய் நிமிர்ந்து மிதப்பதற்காக அடியில் பொருத்தும் ஈயக் கனத்தை மேசையில் வைத்தே திருகிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தலை ஒட்டிய உடலைத் தொட்டித் தண்ணீரில் விடுங்கள். கனத்தை அடிப்பாகத்தில் ரப்பர் பட்டையால் கட்டி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். மூக்கு அமிழ்ந்தால் பின்னுக்கு, ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்துக்கு. தலைகீழாகப் போட்டாலும் தானே நிமிர்ந்துகொள்ளும் இடம் கிடைத்த பிறகுதான் திருகுங்கள். நங்கூரக் கயிற்றை முன்முனையில் கட்டுங்கள். நடுவில் கட்டினால் டிகாய் காற்றுக்குக் குறுக்கே நிற்கும். நிஜ வாத்துகள் பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கியே மிதக்கும்.

இனி வண்ணம். உப்புத்தாளில் எழுந்த தூசியைத் துடைக்காமல், மரத்தின் துளைகளை அடைக்கும் சீலரும் வண்ணத்துக்கு அடிப்பூச்சான பிரைமரும் இல்லாமல் பூசினால் தோல் தோலாக உரியும். எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசினாலும் அதே கதிதான். தூய கறுப்பைத் தவிர்த்து, பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்போடு அல்ட்ராமரின் நீலம் கலந்த கருமையைப் பயன்படுத்துங்கள். வெள்ளையிலும் துளி அம்பர் சேரட்டும். ஆண் மல்லார்டின் இறக்கையில் நீலப் பட்டைக்கு முன்னும் பின்னும் வெள்ளைக் கோடு உண்டு, பலர் ஒன்றை மறந்துவிடுவார்கள். வேட்டை டிகாயில் ஒவ்வோர் இறகாக வரைவது வீண் உழைப்பு. தூரத்தில் தெரிவது நிறத் திட்டுகள்தான்.

பளபளப்பான வார்னிஷ் பூசினால் செய்ததெல்லாம் பாழ். கடைசிப் பூச்சு பளபளப்பில்லாத ‘மேட்’ வகையாக இருக்கட்டும். காய்ந்ததும் நனைத்து வெயிலில் வைத்து முப்பது அடி தள்ளி நின்று பாருங்கள்; முதுகு மின்னினால் இன்னொரு மேட் பூச்சு தேவை.