மதியம் மட்டும் திக்கிய ஃபஸ் பெடல்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறைக்கு ஷீட் கூரை. அங்கே உட்கார்ந்துதான் இரண்டு ஏசி128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்டு, கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் ஒன்றை, பழைய 'ஃபஸ் ஃபேஸ்' சர்க்யூட்டின்படி கட்டினேன். காலையில் கிதாரை மாட்டினால் அருமையான சத்தம். மதியம் அதே பெடல் திக்கும். தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே சத்தம் பட்டென்று அறுந்துவிடும்.

பேட்டரி, ஜாக், கெபாசிட்டர் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். நான்கு நாள் போனது. டிவி ரிப்பேர் கடை அண்ணன், "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்றார். அவர் பார்த்தது காலை ஒன்பது மணிக்கு.

அப்புறம்தான் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில், அதாவது சத்தம் வெளியே வரும் காலில், மீட்டரை வைத்தேன். இதில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்டு, அதனால் எண் மைனஸில் வரும்; மைனஸை விட்டுவிட்டுச் சொல்கிறேன். காலையில் 4.5 வோல்ட், மதியம் 7.6. மறுநாள் காலை முதல் டிரான்சிஸ்டரின் உலோக மூடியை விரலால் பிடித்தேன். விரல் சூட்டில் எண் மெல்ல ஏறியது. மதியம் பாலித்தீனில் சுற்றிய ஐஸ்கட்டியை அதன்மேல் வைத்ததும் இறங்கியது, சத்தமும் திரும்பியது. காரணம் சூடுதான். ஜெர்மேனியத்தில் தேவையில்லாமல் கசியும் மின்னோட்டம், சூடு சுமார் பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் இரட்டிப்பாகும். நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்!

முதல் டிரான்சிஸ்டர் இடத்தில், கசிவு மிகக் குறைவான பிசி557 சிலிக்கான் டிரான்சிஸ்டரைப் போட்டேன். கால்களின் வரிசை வேறு, பார்த்து மாட்ட வேண்டும். இரண்டாவதன் கலெக்டரில் இருந்த 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 20 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, மீட்டர் பழைய 4.5 வோல்ட் காட்டும்வரை திருப்பினேன். இரைச்சல் கொஞ்சம் கூடியது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில், மதியம் மூன்று மணிக்கும் மீட்டர் 4.7ஐத் தாண்டவில்லை. நிம்மதி.