எழும்பிக் கதைக்கிறார்தானே என்று வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்

ஏ-9 வீதியில் இரவு படுத்திருக்கிற மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதுவது வன்னியில் யாருக்கும் புதிதல்ல. தலை அடிபட விழுந்தவர் எழும்பி மதகில் இருந்து சோடா குடிப்பார், "ஒண்டுமில்லை அண்ணை, என்னை வீட்டில விடுங்கோ" என்பார். விட்டுவிடுகிறோம். எனக்குப் பயமே இந்த இடத்தில்தான்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டில் விரல் வைத்துப் பாருங்கள். மண்டையோடு அங்கே மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டியே ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு வெடித்து அந்தக் குழாயும் கிழிந்தால் எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையில் இரத்தம் சேரும், சேர்ந்து மூளையை அமத்துவதற்கு நேரம் எடுக்கும், அதுவரை ஆள் தெளிவாகக் கதைப்பார். சில மணித்தியாலத்தில் தலையிடி கூடும், சத்தி வரும், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகும், பிறகு எழுப்பினாலும் எழும்பமாட்டார். களைப்பில் நித்திரை என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் நேரத்துக்குச் சத்திரசிகிச்சை கிடைத்தால் பிழைக்கக்கூடியவர் அவர்.

குடித்திருந்தார் என்றால் இன்னும் மோசம், உளறல் மயக்கம் எல்லாவற்றையும் வெறி என்று விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

மூக்காலோ காதாலோ தண்ணீர் போல வடிந்தால் அது சளி அல்ல, மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். மண்டையோட்டின் அடிப்பகுதி வெடித்தால் அப்படி வடியும். பஞ்சு அடைக்க வேண்டாம், மூக்குச் சீறவும் விட வேண்டாம், கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல் வரும். அடுத்த நாள் இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தாலோ காதுக்குப் பின்னால் நீலம் பாரித்தாலோ "அடிபட்ட இரத்தம் இறங்குது" என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், அதுவும் அதே வெடிப்பின் அடையாளமாக இருக்கலாம்.

காயத்தில் கோப்பித்தூள் அப்புவது, மண்டை பதிந்த இடத்தை அமத்திப் பார்ப்பது, வலிக்கு அஸ்பிரின் கொடுப்பது, இவை எதுவும் வேண்டாம். அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். கழுத்தும் முறிந்திருக்கலாம், அதனால் இழுத்து ஆட்டோவில் ஏற்றாமல் 1990-க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சத்தி எடுத்தால் தலையையும் உடம்பையும் ஒன்றாகவே பக்கவாட்டில் திருப்புங்கள்.

எக்ஸ்ரே நல்லாயிருக்கு என்பதோடு நிம்மதி அடையவும் முடியாது. உள்ளே இரத்தம் சேர்ந்திருப்பதை சி.ரி. ஸ்கானில்தான் பார்க்கலாம், அது தேவையா என்று டாக்குத்தர் முடிவெடுப்பார். அவருக்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது: எத்தனை மணிக்கு விழுந்தார், இடையில் மயங்கினாரா, எத்தனை தரம் சத்தி எடுத்தார். பார்த்த ஒருவர் கட்டாயம் கூடப் போங்கள்.