கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள்: டெய்லரிடம் எதை, எப்போது, எப்படிக் கொடுப்பது

பெண்ணுக்கு முகூர்த்தச் சேலைக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, மறுவீட்டுக்கு ஒன்று. அப்புறம் மைனி, நாத்தனார், சித்தி, தோழிகள், பாவாடை கட்டும் சின்னப் பிள்ளைகள். எண்ணிப் பார்த்தால் 12 உருப்படி வந்துவிடும். இத்தனை சேரும்போது கெடுவது பெரும்பாலும் தையல் அல்ல. லைனிங் மாறும், சித்தியின் அளவில் மைனியின் துணி வெட்டுப்படும்.

அதனால் ஆளுக்கு ஒரு துணிப்பை. உள்ளே ஜாக்கெட் துணி, லைனிங், சரியாகப் பொருந்தும் பழைய அளவு ஜாக்கெட், அளவுச் சீட்டு. பையின் மேல் பெயரும் உறவும். டெய்லரிடம் பேசுவதும் வீட்டில் ஒரே ஆளாக இருக்கட்டும். காலையில் அத்தை போன் போட்டு ‘கையைக் கொஞ்சம் நீட்டுங்க அண்ணாச்சி’ என்பதும், சாயங்காலம் அம்மா வேண்டாம் என்பதும் ஆகவே ஆகாது.

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 45 நாளுக்கு முன் துணி கையில் இருக்க வேண்டும்; 40-ல் அளவு, 35-ல் ஆரிக்கு (கொக்கி ஊசியால் மணி, சரிகை வைத்துச் செய்யும் பூவேலை), 12-ல் போட்டுப் பார்ப்பது, 5-ல் எல்லாம் வீட்டில். ஆவணிக் கல்யாணம் என்றால் ஆடி பிறந்ததுமே கொடுத்துவிடுங்கள்; ஆடிக் கடைசியில் கடை முழுக்கப் பை தொங்கும். ஐப்பசியில் தீபாவளித் துணி குவிந்துகிடக்கும்போது போய் நின்றால் முடியாது என்றுதான் சொல்வார்கள். ‘தச்சாச்சு தாயி, கொக்கி மட்டுந்தான் வைக்கணும்’ என்று பதில் வந்தால் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. சில நேரம் துணியே வெட்டியிருக்காது.

பட்டுச் சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பொதுவாக 80 சென்டிமீட்டர்தான். மார்பளவு 40 அங்குலத்துக்கு மேல், முழங்கை வரை கை என்றால் ஒரு மீட்டராவது வேண்டும். சேலையிலிருந்து துண்டை வெட்டும் முன் டெய்லரிடம் விரித்துக் காட்டுங்கள். இரண்டு கைக்கும் கரை வருமா, கரை ஒரு பக்கம் மட்டும்தானா என்று அவர் பார்த்த பிறகு கத்தரி வைக்கலாம். தோழிகளுக்கு ஒரே நிறம் எடுக்கிறீர்களா? பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவக் கோயில் கல்யாணங்களில் இது வழக்கம். மொத்தத்தையும் ஒரே தானில் (துணிச் சுருளில்), ஒரே நாளில் கிழித்து வாங்குங்கள். அடுத்த தானில் சாயம் ஒரு சாயல் மாறும்; கடை விளக்கில் தெரியாதது வெயிலில் எடுக்கும் போட்டோவில் பல்லிளிக்கும்.

லைனிங் பருத்திதான். நம்ம ஊர் வெக்கையில், ஓமப்புகைக்கு முன் இரண்டு மணி நேரம் உட்கார கிரேப் லைனிங் ஒத்துவராது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, தேய்த்துக் கொடுங்கள். ஊறாத லைனிங் பிறகு ஈரம் பட்டதும் சுருங்கும். மேலே பட்டு பொக்கென்று தூக்கி நிற்கும்.

அளவு எடுக்கும்போது கல்யாணத்தன்று போடப்போகும் உள்ளாடையைப் போட்டிருக்க வேண்டும். சுடிதாருக்கு மேல் டேப் வைத்தால் ஒரு அங்குலம் கூடிவிடும். பின்கழுத்து 9 அங்குலத்துக்குக் கீழே இறங்கினால் முன்கழுத்தை அகலப்படுத்தாதீர்கள். இரண்டும் அகன்றால் தோள் நிற்காது, பின்னால் நாடா கட்டித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்தையல் விடச் சொல்லுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பட்டுத் துணியில் தையலைப் பிரித்துவிட்டால் பழைய ஊசித்தடம் வெளியே தெரியும், பிடித்துத் தைத்தால் தெரியாது. ஆகவே முதலில் அரை அங்குலம் லூசாகவே தைக்கட்டும்.

ஆரி வேலையில்தான் பணமும் நாளும் அதிகம் போகும். டெய்லர் துணியை வெட்டாமல் முன்பாகம், முதுகு, கை எல்லாவற்றையும் அளவோடு வரைந்து தருவார். ஆரிக்காரர் சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலை முடிப்பார். இறக்கியதும் நெருக்கமாகத் தைத்த இடம் சற்றுச் சுருங்கியிருக்கும். மறுபடி அளந்த பிறகே வெட்ட வேண்டும். தையல் ஓடும் கோட்டிலிருந்து அரை அங்குலத்துக்குள் மணி வந்தால் மெஷின் ஊசி உடையும். கையின் உட்புறம் மணி வேண்டாம். இடுப்பில் உரசி, சேலைச் சரிகையையும் இழுக்கும். முதுகில் கொட்டி வேலை செய்வதைவிடக் கைக்குச் செலவழிப்பதே மேல். முதுகைப் பூச்சடை மறைக்கும், முன்பக்கத்தை மாலை மறைக்கும், இடது தோளில் முந்தி கிடக்கும். அன்று முழுக்கக் கண்ணில் படுவது கைகள்தான்.

ஒத்திகைக்கு எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம், தென்காசியிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு இரண்டு தடவை யாரும் வரமாட்டார்கள். போட்டதும் கையைத் தூக்கி, குனிந்து, தரையில் சம்மணமிட்டுப் பாருங்கள். கையைத் தூக்கும்போது ஜாக்கெட் மேலேறினால் அக்குள் வெட்டு கீழே இறங்கிவிட்டது என்று பொருள். இது முடியும் வரை முழுக்கூலி கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பழைய பட்டுச் சேலையிலேயே பாவாடை எடுக்கலாம். அகலம் 46 அங்குலம், இரு பக்கக் கரையும் ஒரே அளவு என்றால், முந்தி போக மிச்சமுள்ள நாலரை மீட்டரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 22 அங்குல உயரத்தில் நான்கு பாவாடை. புட்டாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: வீரவநல்லூர் செடிபுட்டா மாதிரிச் செடி ஒரே பக்கம் நிமிர்ந்திருந்தால், இரண்டு பிள்ளைகளுக்கு அது தலைகீழாக நிற்கும். இடுப்பு நாடா போதாது. லைனிங் துணியில் பாடி (பனியன் போன்ற மேல்பாகம்) வைத்துத் தைத்தால்தான் ஓடும் பிள்ளைக்கு இறங்காமல் நிற்கும்.

வாங்கும்போது ஒவ்வொன்றையும் உள்ளே திருப்பிப் பாருங்கள். ஆரி ஜாக்கெட்டை உட்புறம் மட்டும் தேய்க்கலாம். ஒட்டிய கல் சூட்டில் உதிரும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். அலங்காரப் பெட்டியில் நாலு கொக்கி, அதே நிற நூல், ஊசி.