டெராஃபார்மில் ஏபிஐ ஏற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏபிஐ என்பது ஆப்புக்குப் பின்னால் சர்வரில் ஓடும் நிரல். அதற்கு வேண்டிய சர்வர், டேட்டாபேஸ் போன்றவற்றை (இவைதான் ரிசோர்ஸ்) ஃபைலில் எழுதிக் கொடுத்தால் கிளவுடில் உருவாக்கித் தரும் கருவி டெராஃபார்ம். அதில் 'பிளான்' என்னென்ன மாறும் என்று காட்டும், 'அப்ளை' கேட்டுவிட்டு அதைச் செய்யும். போன வாரம் தங்கச்சிமடத்தில் என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருவன் டெராஃபார்ம் அப்ளை கொடுத்துவிட்டு, திரையைப் பார்க்காமலேயே 'யெஸ்' அடித்தான். "பிளான்ல என்னடா வந்துச்சு?" என்றேன். "எப்பவும் வர்றதுதாண்ணே." எனக்கு வயிற்றைக் கலக்கியது, நானும் ஒரு காலத்தில் இப்படியே அடித்தவன். கடவுச்சொல்லை, கோட் சேமிக்கும் கிட்டில் போடாதே, டேட்டாபேஸ் போர்ட்டை ஊருக்கே திறக்காதே என்பதையெல்லாம் எந்த வீடியோவிலும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பெயர்தானே என்று மாற்றுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பாம்பனில் ஒரு சம்மாட்டிக்கு (படகு முதலாளி), எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார், எவ்வளவு டீசல், யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று கணக்கு வைக்க ஒரு சின்ன ஏபிஐ எழுதிக் கொடுத்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில், ஆப்பை யாரும் திறப்பதில்லை. கை சும்மா இருக்காமல் டெராஃபார்ம் கோட் ஃபைலை ஒழுங்குபடுத்தப் போனது. டேட்டாபேஸ் ரிசோர்ஸுக்கு ஆரம்பத்தில் 'டெஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தேன், அசிங்கமாக இருந்தது, 'மெயின்' என்று மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். ஆனால் டெராஃபார்ம் அதைப் பெயர் மாற்றமாகப் பார்க்காது: ஸ்டேட்டில் (தான் உருவாக்கியதை அது குறித்து வைக்கும் ஃபைல்) உள்ள 'டெஸ்ட்' கோடில் காணோம், அழி, 'மெயின்' புதிதாக வந்திருக்கிறது, உருவாக்கு. சேர்ப்பது 1, மாற்றுவது 0, அழிப்பது 1 என்று பிளானின் கடைசி வரி தெளிவாகவே சொன்னது. நான் யெஸ் அடித்தேன்.

கொடுமை என்னவென்றால், அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இரண்டுக்கும் ஒரே அடையாளப் பெயர், அதனால் உருவாக்கும் வேலை 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பிழை காட்டி நின்றுவிட்டது, அழிக்கும் வேலை மட்டும் குறையில்லாமல் முடிந்தது. ஏதோ டுடோரியலில் இருந்து எடுத்த 'ஸ்கிப் ஃபைனல் ஸ்னாப்ஷாட்' (அழிக்கும்முன் கடைசி நகல் எடுக்காதே) அப்படியே ட்ரூ என்று கிடந்தது. தானியங்கி பேக்கப்பும், வைத்திரு என்று தனியாகச் சொல்லாவிட்டால், ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவை) இன்ஸ்டன்ஸோடு சேர்ந்து போய்விடும். சம்மாட்டி வீட்டம்மா பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் நோட்டிலும் எழுதி வந்ததால் பிழைத்தேன். கடல் திறப்பதற்குள் மூன்று ராத்திரி உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். பக்கத்துக்குப் பக்கம் மீன் செதில் வேறு.

பெயர் மாற்ற வேண்டுமா, பழைய பெயர்தான் புதுப் பெயரானது என்று சொல்லும் 'மூவ்ட்' பிளாக் எழுதுங்கள், டெராஃபார்ம் 1.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எழுதிய பிறகு பிளானில் அழிப்பது 0 என்று வர வேண்டும். அழிக்க விடாதே என்று டெராஃபார்முக்குச் சொல்லும் 'பிரிவென்ட் டிஸ்ட்ராய்' போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது அந்த ரிசோர்ஸ் பிளாக்குக்குள்ளேயே எழுதுவது. பழைய பெயரில் பிளாக்கே இல்லாதபோது காவலும் கூடவே போய்விடும். ஏடபிள்யூஎஸ் பக்கம் நிற்கும் 'டெலிஷன் புரொடெக்ஷன்'தான் அழிக்க விடாது. அதைப் போடுங்கள், ஃபைனல் ஸ்னாப்ஷாட்டையும் எடுக்க விடுங்கள்.

லேட்டஸ்ட் டேக்

நிரலைப் பொதிந்த புது இமேஜை, பழைய 'லேட்டஸ்ட்' டேகிலேயே (இமேஜின் பெயர்ச்சீட்டு) ஏற்றியாயிற்று, பிளானில் 'மாற்றம் இல்லை' என்று வருகிறதே என்று புலம்புவார்கள். டேக் மாறவில்லையே, டெராஃபார்முக்கு எப்படித் தெரியும்? கிட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொடுக்கும் கமிட் எண்ணையே டேகாக வையுங்கள்.

லேப்டாப்பில் ஸ்டேட் ஃபைல்

ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புக் கிடங்கான எஸ்3-இல் வையுங்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி பூட்டோடு. கிட்டில் வேண்டவே வேண்டாம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதற்குள் வெறும் எழுத்தாகக் கிடக்கும்.

கன்சோலில் கையால் திருத்துவது

ஏடபிள்யூஎஸ் இணையப் பக்கத்தில் (கன்சோல்) மாற்றினால், அடுத்த அப்ளை கோடில் உள்ளபடி திருப்பிவிடும்.

பில் அலாரம்

செலவு ஏறினால் எச்சரிக்கும் அலாரத்தை முதல் நாளே வையுங்கள்.

ஆட்டோ அப்ரூவ்

யெஸ் கேட்காமலே அப்ளை செய்ய விடும் வசதி இது, பழகும் வரை தொடாதீர்கள். பிளானை ஃபைலாகச் சேமித்து, படித்து, அதே ஃபைலை அப்ளை பண்ணுங்கள். அந்தத் தம்பியின் திரையை மேலே உருட்டிப் பார்த்தோம், அழிப்பது 1 என்றுதான் இருந்தது. போனது ஒரு காலி லாக் குரூப் (நிரலின் பதிவுகள் சேரும் இடம்). "ஒண்ணும் ஆகலயேண்ணே" என்கிறான்.