பெரிய ஸ்கூட்டர்: ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன மாதம் எங்கள் அலுவலக வண்டிக் கொட்டகையில் ஒரு காட்சி. வேலை முடிந்து எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். புதிதாகப் பெரிய ஸ்கூட்டர் எடுத்திருக்கும் தம்பி ஒருவர் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் நெருக்கி நின்ற மோட்டார் சைக்கிள்கள் போகட்டும் என்று காத்திருந்தார். அந்த இடுக்குக்குள் இருந்து வண்டியைப் பின்னால் இழுத்தெடுக்க அவரால் முடியவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், சில வருடங்களுக்கு முன் அதே கொட்டகையில் அதே மாதிரிப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேரும் வாங்கிய பிறகுதான் என்னிடம் கேட்டார்கள். வாங்குவதற்கு முன் கேட்பவர்களுக்காக, வாங்கும்போது நாம் விடும் பிழைகளை ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறேன்.

ஹெல்மட், காப்புறுதி, எஞ்சின் ஒயில் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஸ்கூட்டியிலோ டியோவிலோ சில வருடம் ஓடிவிட்டு, தினமும் தூரம் போக வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பெரிதாக ஒன்று எடுப்போம் என்று யோசிப்பவர்களுக்குத்தான் இது.

ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது

வண்டி பார்க்கப் போகிறோம். விற்பவர் சாவியைக் கையில் தருகிறார். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு மேலால் ஒரு சுற்று. முறுக்கியவுடன் பாய்கிறது. சீற் மெத்தை மாதிரி இருக்கிறது. கச்சான் காற்று குறுக்கே அடிக்கிறது, வண்டி அசையவில்லை. திரும்பி வந்து முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். 150 சீசீ, ஒரு கை மாறிய வண்டி. அதன் பெயர் வேண்டாம், குற்றம் அதனுடையது அல்ல.

ஓடும்போது பெரிய ஸ்கூட்டர்கள் எல்லாமே நல்ல ஸ்கூட்டர்கள்தான். அவற்றின் எடை நிற்கும்போதுதான் வெளியே வரும். வேலைக்குப் போய்வரும் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எனக்குக் கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போக வர ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வீட்டுப் படலையில் ஒரு தடவை, ஒழுங்கை முடிந்து வீதியில் ஏறும் இடத்தில் ஒரு தடவை, மகளின் பள்ளிக்கூட வாசலில் ஒரு தடவை, காத்தான்குடியைத் தாண்டுவதற்குள் எண்ண முடியாத தடவைகள், பெற்றோல் செட், அலுவலகக் கொட்டகை. இந்த இடங்களில் வண்டியைத் தாங்குவது எஞ்சின் அல்ல, உங்கள் கால்கள்.

எடைக் கணக்கைப் பார்ப்போம். ஹொண்டா டியோ 110 ஏறத்தாழ 105 கிலோ. யமஹா என்மாக்ஸ் 155, ஹொண்டா பிசிஎக்ஸ் 160 இரண்டும் 130 கிலோவைச் சுற்றி. வித்தியாசம் 25 கிலோதானே என்று தோன்றும். அரிசிக் கடையில் ஒரு மூட்டை 25 கிலோ. உங்கள் டியோவில் ஒரு அரிசி மூட்டையைக் கட்டிவிட்டு, அதை இனி ஒருநாளும் இறக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்?

அப்புறம் சீற் உயரம். என்னைக் கவிழ்த்தது இதுதான். நான் ஐந்தடி நாலங்குலம். வாங்குவதற்கு முன் கவனமாக விபரங்களைப் பார்த்தேன். டியோவின் சீற் உயரம் 765 மில்லிமீற்றர், நான் வாங்க நினைத்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சரி, கால் எட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். உயரத்தைச் சொல்லும் தாளில் அகலத்தைச் சொல்வதில்லை. பெரிய ஸ்கூட்டரின் சீற் அகலம், கால் வைக்கும் பகுதியும் இரண்டு பக்கமும் பிதுங்கியிருக்கும். காலை அகட்டிய பிறகுதான் கீழே இறக்க முடியும். அகட்டுவதற்கே காலின் நீளத்தில் ஒரு பகுதி செலவாகிவிடும். டியோவில் பாதம் முழுவதும் தரையில் பதிந்த எனக்கு, இதில் விரல் நுனிதான் கிடைத்தது. நேரான தார் வீதியில் விரல் நுனி போதும். வீதியோரம் சரிந்த இடத்தில், பின்னால் ஆள் இருக்கும்போது, நிச்சயமாகப் போதாது.

இனி மணல். முற்றத்துக்குச் சிமெந்து போட்டவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். எங்கள் வளவு, ஒழுங்கை எல்லாம் கடற்கரை மணல். ஸ்கூட்டரில் கிளச் கையில் இல்லை. எஞ்சின் வேகம் ஒரு அளவுக்கு ஏறியவுடன் அது தானாகப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளில் பாதிக் கிளச்சில் மெல்ல மெல்ல நகர்த்துவது போல இதில் முடியாது. முறுக்கினால் பின் ரயர் சுழன்று தனக்கே குழி தோண்டும். எடை கூடக் கூட அந்தக் குழியிலிருந்து வெளியே வருவது கஷ்டம். இறங்கி, பக்கத்தில் நடந்தபடி, கொஞ்சமாக முறுக்கித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். காலையில் அயர்ன் செய்த சேட்டோடு தினமும் இதைச் செய்து பாருங்கள்.

வாங்கி மூன்றாம் வாரம். இரவு மழை பெய்து மணல் இறுகியிருந்தது. சைட் ஸ்டாண்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். காலை வெயிலில் மணல் காய்ந்து இளகியிருக்க வேண்டும், ஸ்டாண்ட் மெல்லப் புதைந்து வண்டி சரிந்துவிட்டது. டியோ விழுந்தால் எடுத்து நிமிர்த்தித் துடைத்துவிட்டுப் போவோம். இதை நிமிர்த்த ஆள் தேட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன மனே, வண்டி இன்னும் நித்திரையா?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இடது பக்கப் பிளாஸ்டிக் தகடுகள் இரண்டு வெடித்துவிட்டன. இந்த வண்டிகளில் ஒரு தகட்டின் கொளுவி உடைந்தால் பக்கத்துத் தகடும் ஆடத் தொடங்கும். இரண்டையும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். என் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி போனது. அடுத்த நாளே ஸ்டாண்டுக்குக் கீழே வைக்க ஒரு பலகைத் துண்டை வெட்டிக் கொளுவிக்கொண்டேன். அதை முதல் நாளே செய்திருந்தால் அந்தப் பாதிச் சம்பளம் மிஞ்சியிருக்கும். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

அதோடு விட்டேனா? கால் எட்டவில்லை என்றதும் சீற்றை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். உயரம் குறைந்தது, அகலம் அப்படியே இருந்தது. உள்ளே பஞ்சு மெலிந்து, களுவாஞ்சிகுடி போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கேள்வி கேட்கத் தொடங்கியது. எதற்காகப் பெரிய ஸ்கூட்டர் வாங்கினேனோ, அந்தச் சுகத்தையே வெட்டி எறிந்துவிட்டேன்.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது சாவியை வாங்காதீர்கள். முதலில் வேலைக்குப் போடும் செருப்பையோ சப்பாத்தையோ போட்டுக்கொண்டு போங்கள். எஞ்சினை நிற்பாட்டி வைத்து, வண்டியைக் கொட்டகையிலிருந்து பின்பக்கமாக இழுத்து வெளியே எடுங்கள். அரைவட்டம் தள்ளித் திருப்புங்கள். டபுள் ஸ்டாண்டில் தனியாக ஏற்றி இறக்குங்கள். பக்கத்தில் மணல் இருந்தால் அதில் பத்தடி தள்ளிப் பாருங்கள். பின்னால் ஒருவரை ஏற்றி, நின்ற இடத்திலேயே வண்டியைக் கொஞ்சம் இடது பக்கம் சரித்து, மறுபடி நிமிர்த்துங்கள். வியர்க்கும். விற்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வாங்க மனம் இருந்தால், அப்போது ஓட்டிப் பாருங்கள்.

இரண்டு பேர் ஓட்டும் வண்டியை ஒருவர் போய் வாங்குவது

எங்கள் வீட்டு டியோவை நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டினோம். அவர் ஆசிரியை. பள்ளிக்கூடத்துக்குச் சேலை. டியோவின் தட்டையான தளத்தில் காலை உள்ளே எடுத்து வைத்து உட்காரலாம். பெரிய ஸ்கூட்டர்கள் பலவற்றில் நடுவில் முதுகெலும்பு போல ஒரு மேடு இருக்கும், பெற்றோல் தாங்கி அதற்குள். மோட்டார் சைக்கிள் போலக் காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். சேலையோடு எப்படி ஏறுவது? இதை நான் யோசிக்கவில்லை. அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

தட்டையான தளத்தின் அருமை இல்லாதபோதுதான் தெரியும். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, கோழித் தீன், சந்தையிலிருந்து மீன் பை, முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை எல்லாம் அங்கேதான். சீற்றுக்குக் கீழே பெரிய பெட்டி இருக்கிறது என்பார்கள். அதற்குள் சிலிண்டர் போகாது. பெரிதாகவும் வேண்டும், தளமும் தட்டையாக வேண்டும் என்றால் சுசுகி பர்க்மன் ஸ்ட்ரீட், அக்சஸ், டிவிஎஸ் என்டோர்க் போன்ற 125 வகைகளைப் பாருங்கள். அவை 103 முதல் 118 கிலோவுக்குள் நிற்கின்றன. இப்போது எங்கள் வீட்டில் நிற்பதும் அந்த வகைதான்.

லைசன்ஸை எடுத்துப் பார்க்காதது

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 என்றால் 100 சீசீ வரைக்கும்தான். அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டி பெப் 88 சீசீக்குள் அடங்குகிறது, அதனால் பல வருடமாக ஏ1ஐ வைத்துக்கொண்டு ஓடுபவர்களுக்கு இது ஞாபகமே வராது. 125க்கு மாறிய அன்றைக்கே அவர்கள் அனுமதி இல்லாத வண்டியில் போகிறார்கள். பொலிஸ் பிடிப்பது ஒரு பக்கம். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

சீசீயை மட்டும் கேட்பது

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருப்பதெல்லாம் பாலங்கள்தான். ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊருக்குள் ஊர் ஒட்டிக் கிடக்கும் இந்த வீதியில் 150 சீசீயை முறுக்க இடமும் இல்லை. கேட்க வேண்டியது சில்லின் அளவு. 10 அங்குலச் சில்லிலிருந்து 12க்கு மாறினாலே பள்ளங்களில் வித்தியாசம் தெரியும். 13, 14 இன்னும் நல்லது. பெரிய ஸ்கூட்டருக்கு நான் மனதார மதிப்பெண் போடும் இடம் இது.

கூடவே தரைக்கும் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியைக் கேளுங்கள். நான் சொன்ன இந்திய 125கள் 155, 160 மில்லிமீற்றர். 150, 160 சீசீ ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 125 முதல் 145 வரைதான். வண்டி பெரிது, வயிறு தாழ்வு. பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் போட்டிருக்கும் வேகத்தடைகளில் பின்னால் ஆளோடு ஏறினால் ‘டர்’ என்று ஒரு சத்தம் வரும்.

பெற்றோலைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். லீற்றருக்கு 40 ஓடிய என் வண்டிக்கு அது 160 கிலோமீற்றர், மூன்று நாள் வேலைக்கு. மிச்ச இரண்டு நாளும் நானும் பஸ்ஸில், மனைவிக்குப் பக்கத்துச் சீற்றில்.

பெல்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்காதது

ஸ்கூட்டரில் செயின் இல்லை, ஒரு றப்பர் பெல்ட் இருக்கிறது. பொதுவாக 20,000 முதல் 25,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்வார்கள். தினம் 50 கிலோமீற்றர் என்றால் வருடம் 12,500, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒரு பெல்ட். அது அறுந்தால் எஞ்சின் உறுமும், சில்லு சுற்றாது, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். 130 கிலோவை.

இந்திய வகைகளின் பெல்ட் மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் தேடினால் கிடைக்கும். இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் செய்த வகைகளுக்கு என்னுடைய வண்டியைத் திருத்தும் பாஸ் ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குப் போன் போட்டார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனிப்பட்டவர்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் கைமாறிக் கைமாறி ஓடிய வண்டிகள்தான் இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. மீற்றரை நம்ப வேண்டாம். பெல்ட் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பல் வெடித்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.

மாரி மழையில் தண்ணீருக்குள் இறக்குவது

பெரிய வண்டி, போய்விடும் என்று நினைப்பார்கள். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும். காற்று வடிகட்டி வழியாகப் போனால் எஞ்சினே போகும். நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரை அமுக்காதீர்கள்.

கறுப்புச் சீற்

மதியம் ஒன்றரைக்கு உட்கார்ந்து பாருங்கள்.

முந்தியவர் பெயரிலேயே இருக்கும் வாகனப் பதிவுப் புத்தகம்

வேண்டாம்.

விற்கும்போது வரும் கணக்கை மறப்பது

டியோவுக்கு இங்கே எப்போதும் ஆள் உண்டு. பெரிய ஸ்கூட்டருக்கு ஆள் குறைவு, வருபவரும் குறை தேடித்தான் வருவார். என்னுடையதைப் பார்க்க வந்தவர் ஏறாவூர்க்காரர், ஆறடிக்குக் கிட்ட உயரம். தகடுகளைத் தட்டிப் பார்த்தார், சரி என்றார். சீற்றில் உட்கார்ந்ததும் முகம் மாறியது. “யார் இதை வெட்டினது?” என்று கேட்டு, அந்தச் சீற்றுக்காகவே ஒரு தொகையைக் குறைத்தார். நானும் பேசாமல் ஒத்துக்கொண்டேன். இப்போதும் சில நாள் ஊறணிச் சந்தியில் அந்த வண்டியைக் காண்பேன். சீற்றுக்குப் புதுப் பஞ்சு போட்டு உயர்த்தியிருக்கிறார். பின்னால் இரண்டு பிள்ளைகள். நிற்கும்போது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்திருக்கும்.