2ஜேஇசட்-ஜிஇ: டர்போ இல்லாமல் வந்த இன்ஜினில் டர்போ பொருத்தி 850 குதிரைத்திறனுக்குக் கட்டுவது எப்படி

டொயோட்டா சூப்ரா, லெக்சஸ் ஐஎஸ்300 கார்களில் வந்த 2ஜேஇசட்-ஜிஇ டர்போ இல்லாத இன்ஜின். வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங், போரும் (சிலிண்டர் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மில்லிமீட்டர், 2997 சிசி. கிராங்க்கை மாற்ற வேண்டியதில்லை. பலவீனம் பிஸ்டனிலும் கனெக்டிங் ராடிலும்தான். ஐஎஸ்300இல் வந்த ராடுகள் டர்போ மாடலான ஜிடிஇயில் இருப்பதைவிட மெல்லியவை; கம்ப்ரஷன் 10 முதல் 10.5:1; பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகளும் இல்லை.

டர்போவைக் கடைசியில் வாங்குங்கள், முதலில் கணக்குப் போடுங்கள். 8000 ஆர்பிஎம், 2 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம்), இன்டர்கூலரை (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) தாண்டிய காற்று 45 டிகிரி என்றால், இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 39 கிலோ காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்றுக்கு 22 குதிரைத்திறன் என்று வைத்தால் 850 வந்துவிடும். இந்த அளவை எட்டும் டர்போ போதும். அதைவிடப் பெரியது வைத்தால் ஸ்டார்ட் லைனில் பூஸ்ட் ஏறாமல் நிற்பீர்கள்.

பிளாக்கின் சிலிண்டர்களை 86.5 மில்லிமீட்டருக்கு போர் செய்து, டார்க் பிளேட்டை (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) மாட்டி ஹோனிங் (சுவரைத் தேய்த்துச் சீராக்குதல்) செய்யச் சொல்லுங்கள். பிளேட்டை இறுக்க, ஹெட்டில் போடப்போகும் அதே ஸ்டட்களையே பயன்படுத்த வேண்டும். ஸ்டட் இறுகும்போது சிலிண்டர் சற்றே கோணுகிறது. பிளேட் இல்லாமல் வட்டமாக்கிய போர், ஹெட் ஏறியதும் வட்டமாக இருக்காது. 2618 அலாய் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு 0.08 முதல் 0.10 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். ஆனால் பிஸ்டனோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. பெட்ரோலுக்கு 8.5 முதல் 9:1 கம்ப்ரஷன் போதும். ஈ85 எத்தனாலுக்கு 9.5 வரை போகலாம்.

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான ரிங் கேப்பில்தான் நிறைய இன்ஜின்கள் சாகின்றன. மேல் ரிங்குக்கு போர் அளவை 0.006ஆல் பெருக்குங்கள்: 86.5க்கு 0.52 மில்லிமீட்டர். இரண்டாவது ரிங்குக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, 0.56 வரை. கேப் குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். விரிய இடமில்லாமல் சுவரைக் கீறும், பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள ரிங் லேண்டையே பெயர்த்தெடுக்கும். கழற்றிப் பார்ப்பவர் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) என்று நினைத்து, இக்னிஷனை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விடும் கோணத்தை, குறைத்துக்கொண்டே போவார். ரிங் முனைகளில் பளபளப்பான தேய்மானம் தெரிந்தால் காரணம் கேப்தான். ஒவ்வொரு ரிங்கையும் அது போகும் சிலிண்டரிலேயே நேராக இறக்கி, ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள்.

கிராங்க்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதிகளான மெயின் ஜர்னல் 62, ராட் ஜர்னல் 52 மில்லிமீட்டர். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் ஆயில் இடைவெளி 0.06, 0.05 வரும். மெயின் ஸ்டட் போட்டால் லைன் ஹோனிங்கை (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் தேய்ப்பது) தவிர்க்காதீர்கள். ராட் போல்ட்டை டார்க் ரெஞ்சை நம்பி இறுக்காமல், நீட்சியை அளந்து இறுக்குங்கள். தடவும் கிரீஸ் மாறினாலே டார்க் எண் பொய்யாகிவிடும். ரப்பர் ஒட்டிய பழைய கிராங்க் புல்லியின் வெளி வளையம் இந்த வேகத்தில் நழுவும், எனவே கிராங்க்கின் அதிர்வை அடக்கும் ரேஸ் டேம்பர் கட்டாயம். ஆயில் பிரஷர் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 0.7 பார் வேண்டும். சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) தடுப்புத் தகடு வையுங்கள். கார் பாயும்போது ஆயில் முழுக்கப் பின்பக்கம் ஓடிவிடும்.

ஹெட்டில் வால்வு ஸ்பிரிங்கை மறக்க வேண்டாம். சுமார் 33 மில்லிமீட்டர் இன்டேக் வால்வின் முதுகில் 2 பார் பூஸ்ட் 17 கிலோ வரை தள்ளும். ஸ்டாக் ஸ்பிரிங்கால் வால்வை மூடி வைக்க முடியாது. கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீலாக இருக்கட்டும். அதற்கு இரு முகங்களும் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும்.

பெட்ரோலுக்கு 1100 சிசி இன்ஜெக்டர் ஆறு. ஈ85 என்றால் 1600. ரெகுலேட்டர் பூஸ்ட்டுக்கு ஈடாக எரிபொருள் அழுத்தத்தை ஏற்ற வேண்டும்: அடிப்படை 3 பார் என்றால் 2 பார் பூஸ்ட்டில் 5 பார். பம்ப் அந்த அழுத்தத்தில் எவ்வளவு தருகிறது என்று பாருங்கள், 3 பாரில் தரும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிட்டு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் சிறியதானால் பூஸ்ட் தானாகவே ஏறும். 60 மில்லிமீட்டர் பாதுகாப்பானது. டர்போவின் ஆயில் வடிகுழாய் 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஆயில் மட்டத்துக்கு மேலே சம்ப்பில் சேர வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை கிராங்க்கைச் சுற்றுங்கள். டியூனிங்கை வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் குறைந்த பூஸ்ட்டில் ஆரம்பியுங்கள். முழு லோடில் லாம்ப்டா (காற்று-எரிபொருள் விகிதம்; 1க்குக் கீழே என்றால் எரிபொருள் கூடுதல்) 0.78 முதல் 0.80, இக்னிஷன் 10 டிகிரி, பிளக் கேப் 0.5 மில்லிமீட்டர். இக்னிஷன் டிகிரியை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் பிளக்கின் பீங்கானைப் பாருங்கள். பிஸ்டன் உருகத் தொடங்கியதைக் காட்டும் அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் அன்றைக்கு அந்த இன்ஜினை ஓட்டாதீர்கள்.